வெயிலில் குளிர்கிற டவர் மழையில் ஏன் முரண்டு பிடிக்கிறது?

அம்பத்தூர் நேயர் ஒருவரின் கேள்வி, படித்ததுமே எனக்கு ஒரே குஷி. மே மாதம் 40 டிகிரி வெயிலில் அவருடைய கூலிங் டவர், அதாவது சூடான தண்ணீரைக் காற்றில் ஆறவைக்கிற கோபுரம், தண்ணீரை 30-க்கு இறக்கிவிட்டதாம். இப்போது ஐப்பசி மழை, வெளியே 30 டிகிரிதான், தண்ணீரோ 32-க்குக் கீழே இறங்கவில்லை. டவர் பழுதா, பெரிய ஃபேன் மோட்டார் போடலாமா என்கிறார்.

பழுதெல்லாம் இல்லை. வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும், சிரிக்காதீர்கள்: வெட் பல்ப்! தெர்மாமீட்டர் முனையில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் பிடித்தால் காட்டுமே, அந்த அளவு. டவர் அதற்குக் கீழே போகவே முடியாது. கடல் காற்று வருவதற்கு முன் மே மாதப் பகலில் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் வெட் பல்ப் ஏறக்குறைய 26. மழையில் 30 டிகிரி, 90 சதவீதம் என்றால் 28.5. சித்திரையில் மொட்டை மாடியில் நொடியில் காய்கிற வேட்டி ஐப்பசியில் இரண்டு நாள் கிடந்தாலும் காயாதே, அதே கதைதான். இப்போது தண்ணீரின் சூட்டிலிருந்து வெட் பல்ப்பைக் கழித்துப் பாருங்கள்: மே மாதம் இடைவெளி 4, இப்போது 3.5. உங்கள் டவர் நன்றாகத்தான் இருக்கிறது சார்!

அப்புறம் மோட்டார். காற்றை 10 சதவீதம் கூட்ட, மின்சாரம் 33 சதவீதம் கூடும், மும்மடி விதி (1.1 × 1.1 × 1.1 = 1.33). கிண்டியில் ஒரு கட்டடத்தில் இப்படித்தான் மோட்டாரை மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள், நல்ல காபி கொடுத்தார்கள், மேலே ஏறிப் பார்த்தால் ஃபில், அதாவது தண்ணீர் பரவி வழிகிற அடுக்குகள், முழுக்க உப்புப் படிந்து அடைத்துக் கிடக்கிறது. காற்று எங்கே போகும்?

உப்பு என்றதும் ஞாபகம் வருகிறது, டவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று ஏன் யாரும் கேட்பதில்லை? மணிக்கு 1 லட்சம் லிட்டர் சுற்றி 5.5 டிகிரி குளிர்ந்தால் சுமார் 850 லிட்டர் ஆவியாகும். அதைத் தடுக்க முடியாது, குளிர்ச்சியே அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் டவரிலேயே தங்கிச் சேரும்; அந்த உப்புத் தண்ணீரைத் திறந்து வெளியேற்றுவதுதான் ப்ளோ டவுன், நாம் கை வைக்கக்கூடியது அதில்தான். உப்பு உள்ளே வருகிற தண்ணீரைப்போல் இரண்டு மடங்கானதுமே திறந்துவிட்டால் இன்னொரு 850 லிட்டர் சாக்கடைக்கு. நல்ல கெமிக்கல் டோசிங் செய்து ஐந்து மடங்கு வரை விட்டால் 210 லிட்டர்தான். ஒரு நாளைக்கு 15,000 லிட்டர் வித்தியாசம், நம்மூரில் அது ஒரு டேங்கர் லாரிக்கும் மேல்! அம்பத்தூர் நண்பரே, டவர் தண்ணீர், உள்ளே வருகிற தண்ணீர் இரண்டின் டிடிஎஸ் (கரைந்திருக்கிற உப்பு) அளவையும் கமெண்டில் போடுங்கள், பார்க்கலாம்.