திருநீர்மலை: ஆழ்வார் காத்திருந்த ஊர்

வணக்கம் நேயர்களே. பல்லாவரத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால், நெருக்கமான வீடுகளுக்கு நடுவே ஒரு குன்று தெரியும். அதுதான் திருநீர்மலை, 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

அடிவாரக் கோயிலில் நீர்வண்ணப் பெருமாள் நிற்கிறார். படியேறினால் நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார், உலகளந்த பெருமாள் நடந்த கோலத்தில் காட்சி தருகிறார். திருமங்கையாழ்வார் இந்த அழகில் சொக்கிப்போனவர். நறையூரில் நின்றவன், திருவாலியில் இருந்தவன், குடந்தையில் கிடந்தவன், கோவலூரில் நடந்தவன், அவனுக்கு இடம் இந்த நீர்மலை என்று பாடிவிட்டார். சோழநாட்டில் மூன்று ஊர், நடுநாட்டில் ஓர் ஊர் என்று போய்ச் சேவிக்க வேண்டிய நான்கு கோலங்கள் தொண்டைநாட்டின் ஒரே ஊரில்!

வால்மீகி மலையிலிருந்து இறங்கி வந்து ராமனைக் காண ஏங்கினார், பெருமாளும் அப்படியே காட்சி கொடுத்தார் என்றும் தலவரலாறு சொல்கிறது. ஆனால் என் மனதில் நிற்பது ஆழ்வாரின் கதைதான். அவர் வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளமாம். திரும்பிப் போக மனமில்லை. ஆறு மாதம் எதிரே தங்கி, நீர் வடிந்த பிறகுதான் சேவித்துவிட்டுப் போனாராம்.

இதை வெறும் கதை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் இந்தப் பக்கமாகத்தான் வந்து அடையாற்றில் சேர்கிறது. ஊருக்கென்று ஓர் ஏரியும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியபோது, மொட்டை மாடியில் நின்றபடி தண்ணீர் எப்போது வடியும் என்று பார்த்துக்கொண்டிருந்த நம் ஜனங்களுக்கு ஆழ்வாரின் காத்திருப்பு நன்றாகவே புரியும். இந்த மண்ணின் நீர்வழியைப் பெரியவர்கள் தலவரலாற்றிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். கோபுரத்துக்கு வர்ணம் பூசிக் கும்பாபிஷேகம் செய்கிறோம், நல்லது. அந்த ஏரியும் கால்வாயும் கோயில் குளமும் இந்தத் தலத்தின் சொத்துதானே? அங்கே ஒரு லாரி குப்பை விழுந்தால், கோயிலுக்குள் விழுந்ததாகவே நாம் பதற வேண்டும்.

போகிறவர்கள் அடிவாரத்தில் நீர்வண்ணரைச் சேவித்துவிட்டு அப்புறம் மலையேறுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம், கல்படி காலைச் சுட்டுவிடும். மேலே போனதும் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைக் குழந்தைகள் காட்டுவார்கள். நீங்கள் அவர்களுக்கு ஏரியைக் காட்டி, ஆழ்வார் கதையைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.