மாதம் 12 நாள் பயணம்

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் என் கையில் ஒரு வேலைக் கடிதம் இருந்தது. பதில் சொல்ல 10 நாள் அவகாசம். ஆய்வகக் கருவிகளைப் பொருத்திக் கொடுத்து, அங்கே இருப்பவர்களுக்கு அவற்றை இயக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை. அதுவரை அதே கருவிகளைப் பணிமனை மேசையில் வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் நான். சம்பளம் கூடுகிறது, பதவி கூடுகிறது, நானே வாய்விட்டுக் கேட்ட வேலையும்கூட. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "மாதம் 12 நாள் வரை பயணம் இருக்கும்." எனக்கு விமானம் என்றால் பயம், அதைப் படித்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. உட்கார்ந்திருந்தது என்னவோ என் வீட்டு நாற்காலியில்தான்.

அன்று இரவு ரயில் கால அட்டவணையோடு உட்கார்ந்தேன். போக வேண்டியிருக்கும் ஊர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் தரைவழியே எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். ஒரு ஊருக்குப் போய்த் திரும்ப நான்கு நாள் ஆகும், அங்கே வேலை ஒன்றரை நாள். இதை மேலதிகாரியிடம் காட்டினால் என்ன சொல்வார் என்று தெரிந்தும் நள்ளிரவு தாண்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். சம்பளம் வாங்கும் வேலையில்கூட அவ்வளவு சிரத்தை காட்டியதில்லை.

என் பயம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் மூன்று முறை விமானம் ஏறியிருக்கிறேன். முதல் இரண்டு முறை ஒன்றுமே இல்லை. மூன்றாவது முறை கதவை மூடிய பிறகு விமானம் கிளம்பாமல் ஓடுபாதைக்குப் பக்கத்தில் 40 நிமிடம் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எனக்கு மூச்சு முட்டியது, நெஞ்சு படபடத்தது, விரல் நுனிகள் மரத்துப்போயின. மாரடைப்பு என்றே நினைத்தேன். எழுந்து கதவைத் திறக்கச் சொல்லிக் கத்திவிடுவேனோ என்ற நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது. அந்த விமானம் ஒழுங்காகப் போய் ஒழுங்காக இறங்கியது. நான் அப்புறம் ஏறவே இல்லை.

ஆக, விமானம் விழும் என்ற பயம் எனக்கு இல்லை. பூட்டிய கதவுக்குள் என்னோடு நானே மாட்டிக்கொள்வேன் என்ற பயம். விமானப் பயம் என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம், உள்ளே பிரித்துப் பார்த்தால் ஆளுக்கு ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு உயரம். ஒருவருக்கு நடுவானில் வரும் குலுக்கல். இன்னொருவர் இரவெல்லாம் கார் ஓட்டுவார், ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் கால் தானாக பிரேக்கைத் தேடும். அவருக்குப் பிரச்சினை, ஓட்டுவது வேறு யாரோ என்பது. உங்களுடையது எது என்று தெரியாமல் யோசனை கேட்கப் போனால், அடுத்தவர் பயத்துக்கான மருந்துதான் கிடைக்கும்.

எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் புள்ளிவிவரம் சொன்னார்கள். அவை பொய் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட் போட்ட கணக்கில், 2018 முதல் 2022 வரை உலக அளவில் ஏறக்குறைய 1 கோடியே 37 லட்சம் பேர் விமானம் ஏறினால் அதில் ஒருவர் உயிருக்குத்தான் ஆபத்து. சாலையிலோ உலகம் முழுவதும் வருடத்துக்குச் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரி, படித்தாயிற்று. விடியற்காலை மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு படுத்திருப்பவனுக்கு இதனால் என்ன பிரயோஜனம்? கணக்கு தலையில் இருக்கிறது, பயம் வயிற்றில் இருக்கிறது.

ஒரே ஒரு கணக்கு மட்டும் என்னைக் கொஞ்சம் உலுக்கியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் அமெரிக்காவில் நிறையப் பேர் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் போக ஆரம்பித்தார்கள். அடுத்த ஒரு வருடத்தில் அதனால் சாலையில் கூடுதலாக இறந்தவர்கள் 1,500 பேருக்கு மேல் என்று ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் மதிப்பிட்டார். ஏறாமல் இருப்பது செலவில்லாத முடிவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒரு விலை இருக்கிறது, நாம் கவனிக்காத பக்கமாக அது போய்விடுகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

குலுக்கலுக்குப் பயப்படுகிறவர்களுக்கு இது. 1995இல் போயிங் 777 விமானத்தின் இறக்கையை வேண்டுமென்றே வளைத்துச் சோதித்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்ச பாரம் என்று வடிவமைப்பில் வைத்த அளவைத் தாண்டி, 154 சதவீதத்தில்தான் அது முறிந்தது. அதற்குள் இறக்கை நுனி ஏறக்குறைய 7 மீட்டர் மேலே வளைந்திருந்தது. குலுக்கலில் இறக்கை ஆடுவதைப் பார்த்தால் வயிறு கலங்கும்தான், ஆனால் அது ஆடுவதற்காகவே செய்த இறக்கை. குலுக்கலால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானத்தில் கடுமையான குலுக்கல் வந்து ஒரு பயணி இறந்தார், பலருக்குக் காயம். விமானம் தாங்கியது, உள்ளே இருந்த ஆட்கள் தூக்கி எறியப்பட்டார்கள். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட் போட்டிருங்கள், பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்திருந்தாலும்.

எஞ்சின் நின்றுவிட்டால்? 2001 ஆகஸ்டில் டொராண்டோவிலிருந்து லிஸ்பன் போன விமானத்தில் எரிபொருள் கசிந்து, அட்லாண்டிக் மேலே இரண்டு எஞ்சினும் நின்றன. ஏறக்குறைய 19 நிமிடம் அது மிதந்தே போய் அசோரஸ் தீவில் இறங்கியது. உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள்.

எனக்கு உண்மையில் உதவியது சத்தங்களைப் பற்றித் தெரிந்துகொண்டது. கிளம்பிய சில விநாடிகளில் காலுக்குக் கீழே 'தடக்' என்று கேட்பது, சக்கரங்கள் உள்ளே மடங்குவது. அப்புறம் எஞ்சின் சத்தம் சட்டென்று குறையும், விமானம் கீழே போவது போல வயிற்றில் ஒரு வெறுமை வரும். விமானி எஞ்சின் வேகத்தைக் குறைக்கிறார், அவ்வளவுதான், விமானம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஏர்பஸ் 320 வகையில் கிளம்புவதற்கு முன் கீழே ஒரு நாய் குரைப்பது போலவோ, யாரோ ரம்பம் போடுவது போலவோ கேட்கும். அது ஹைட்ராலிக் பம்பு. மெக்கானிக்காக இருந்துகொண்டு இதை இத்தனை நாள் விசாரிக்காமல் விட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

ஆனால் வேலை விஷயத்தில் முடிச்சை அவிழ்த்தது இவை எதுவும் இல்லை. என் அக்கா. ஐந்தாம் நாள் நான் புலம்பியதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ஊருக்கெல்லாம் கண்ணை மூடித் திறந்தா போய்ச் சேந்துடலாம்னு வெச்சுக்கோ. அப்ப இந்த வேலைய எடுத்துப்பியா?" என்று கேட்டாள்.

உடனே ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அது எனக்கே ஆச்சரியம். கண்ணை மூடித் திறந்து போய்ச் சேர்ந்தாலும் மாதத்தில் பாதி நாள் வேறு கட்டிலில்தானே தூங்க வேண்டும்? பையனுக்குப் பரீட்சை வரும்போது நான் எங்கே இருப்பேன்? முன்பின் தெரியாத பத்துப் பேர் முன்னால் நின்று பேச வருமா? இத்தனை கேள்வியையும் விமானம் என்ற ஒரே மூட்டைக்குள் போட்டுக் கட்டியிருந்தேன். "எனக்கு விமானம் பயம்" என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் இல்லையா? எங்களோடு வேலை பார்த்த ஒருவர் விமானத்தில் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போடுகிற ஆள். அவர் இதே மாதிரி வேலையை வேண்டாம் என்றார். வீட்டை விட்டு இருக்க முடியாது என்பது அவர் காரணம். என்னைவிட நேர்மையான காரணம்.

மூட்டையைப் பிரித்த பிறகு கேட்க வேண்டியவற்றைக் கேட்டேன். 12 நாள் பயணம் என்றால் 12 நாள் விமானம் என்று நானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் ஏற்கெனவே இருந்தவரிடம் போய், போன ஆறு மாதத்தில் எத்தனை முறை ஏறினீர்கள் என்று கேட்டதும் அவர் டிக்கெட்டுகளை எடுத்தே காட்டிவிட்டார். மாதம் ஐந்து, அதிகம் போனால் ஆறு முறை. பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள். மூன்றில் ஒரு பங்கு ஊர்களுக்கு அவர் ரயிலிலேயே போயிருந்தார். நீங்கள் இந்த நிலையில் இருந்தால் முதலில் இந்த எண்ணிக்கையைக் கேளுங்கள். எண்ணிக்கை தெரியாதவரை மனது பெரிய எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும்.

மேலதிகாரியிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். டச்சுக் கால்பந்து வீரர் டென்னிஸ் பெர்க்கம்ப் 1994 உலகக் கோப்பைக்குப் பிறகு விமானமே ஏறுவதில்லை என்று முடிவெடுத்தவர். அடுத்த வருடம் ஆர்சனல் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. தூரத்து ஐரோப்பிய ஆட்டங்களுக்கு அவர் வரமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் 2006 வரை அங்கேயே ஆடினார். அண்டவெளிக் கதைகளாக எழுதிக் குவித்த ஐசக் அசிமோவ் வாழ்நாளில் இரண்டே முறைதான் விமானம் ஏறினார். மேதைகளுக்கு உலகம் இப்படி வளைந்து கொடுக்கும். கருவி பழுது பார்ப்பவனுக்கு எவ்வளவு வளையும்? கொஞ்சம் வளைந்தது. "எனக்கு விமானத்தில் சிரமம் உண்டு, சரிசெய்யப் பார்க்கிறேன், முதல் மூன்று மாதம் பக்கத்து ஊர்களாகக் கொடுங்கள்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் "சரி, பாத்துக்கலாம்" என்றார். அதற்காக நான் ஒத்திகை பார்த்தது எத்தனையோ முறை.

பதில் எழுதுவதற்கு முன் ஒன்று செய்தேன். சொந்தக் காசில் 55 நிமிடப் பயணம் ஒன்றுக்கு டிக்கெட் எடுத்தேன். போகும்போது அக்கா கூட வந்தாள், திரும்பும்போது தனியாக. இறக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் கொஞ்சம் குறைவு என்பதால் அங்கே, நடைவழிப் பக்கமாக உட்கார்ந்தேன். பணிப்பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். எங்களுக்கு இது புதுசில்லை என்பது போலத் தலையசைத்தார். கதவு மூடியது. எல்லாம் வந்தது, படபடப்பு, வியர்வை, விரல் மரத்தது, ஒன்றும் பாக்கியில்லை. இந்த முறை அதோடு மல்லுக்கட்டாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டேன். ஏறிக்கொண்டே போனது ஒரு கட்டத்தில் நின்றது. பிறகு இறங்கியது. 11 நிமிடம். அதுவரை அது இறங்கும் என்பதே எனக்குத் தெரியாது, இறங்கும்வரை நான் காத்திருந்ததே இல்லையே.

பயந்த இடத்தை விட்டு விலகியதும் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அந்த நிம்மதிதான் பயத்தை வளர்க்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் மௌரர் 1940களிலேயே எழுதினார். நான் எடுக்காமல் விட்ட ஒவ்வொரு டிக்கெட்டும் பயத்துக்கு நான் கொடுத்த கூலி. அதனால் எனக்கு ஒரு கட்சி உண்டு, கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும்: வருடத்துக்கு ஒருமுறை பறப்பவரைவிட மாதம் ஐந்து முறை பறக்க வேண்டியவருக்கு இந்தப் பயம் சுலபமாகக் குறையும். வருடத்துக்கு ஒருமுறை என்றால் நடுவில் 364 நாள், பயம் நன்றாகத் தின்று கொழுக்கலாம். மாதம் ஐந்து என்றால் அதற்கு மூச்சு விட நேரம் கிடைக்காது.

மாத்திரை பற்றியும் கேட்பீர்கள். 1997இல் வெளியான ஓர் ஆய்வில் விமானப் பயம் உள்ள பெண்கள் சிலருக்கு அல்பிரசோலம் என்ற பதற்றம் குறைக்கும் மாத்திரை கொடுத்துப் பறக்க வைத்தார்கள். முதல் பயணம் சுலபமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து மாத்திரை இல்லாமல் பறந்தபோது, முதல் பயணத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரை வாங்கியவர்களைவிட இவர்களுக்குப் பதற்றம் அதிகமாக வந்தது. மாத்திரை பழகியதே தவிர, அவர்கள் பழகவில்லை. உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். மூடிய கதவை நினைத்தாலே தூக்கம் போகிறவர்கள் தனியாகப் போராட வேண்டாம், உளவியல் ஆலோசகரிடம் போனால் படிப்படியாகப் பழக்கிவிடுகிறார்கள். இப்போது கண்ணில் மாட்டும் கருவியில் விமானத்தைக் காட்டியே பழக்குவதும் உண்டு.

ஒன்பதாம் நாள் ஒப்புக்கொண்டு எழுதினேன். முதல் வருடம் ஒவ்வொரு முறையும் கதவு மூடும் நேரம் கடிகாரத்தைப் பார்த்தேன். 11 நிமிடம் எட்டு ஆனது, அப்புறம் நான்கு. ஒரு நாள் பார்க்க மறந்துவிட்டேன். அதற்குப் பிறகும் மோசமான நாட்கள் வந்தன, இரண்டு முறை ரயிலுக்கு மாறியும் இருக்கிறேன். அந்த வேலையில் ஆறு வருடம் இருந்தேன். விட்டதற்குக் காரணம் முதுகுவலி. கருவிப்பெட்டியின் எடை 23 கிலோ.

நன்றி, வணக்கம்.