காலிமுகத்திடலின் தென்முனையில் ஒரு மாளிகை

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

கொழும்பின் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசுமாறு கேட்டிருந்தீர்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி தாருங்கள். காலிமுகத்திடலின் தென்முனையில், அலை வந்து மதிலில் மோதும் அளவுக்குக் கடலை ஒட்டி நிற்கும் கோல்பேஸ் ஹோட்டல் அது. வெள்ளவத்தையில் அறை எடுத்துப் படித்த இளமைக் காலத்தில், ஞாயிறு மாலைகளில் திடலுக்கு வரும்போதெல்லாம் நான் வெளியே நின்று வியந்து பார்த்த அந்த ஹோட்டலில், ஓய்வு பெற்ற பிறகு, அண்மையில்தான் என் மனைவியோடு தங்கும் வாய்ப்பு அமைந்தது. முதலில் பணம் இல்லை, பிறகு போர், போர் முடிந்த பின்னரும் பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று காலம் நகர்ந்தது. உள்ளே தங்கிப் பார்த்தபோது எனக்கு உறுதியானது ஒன்றுதான். அந்த ஹோட்டலின் வரலாறு அதன் சுவர்களுக்குள் அடங்குவதில்லை. அதன் முன்னே விரிந்து கிடக்கும் திடலோடும், அதைக் கட்டியெழுப்பிய செல்வத்தை உழைத்துத் தந்த மக்களோடும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

முதலில் திடலைச் சொல்கிறேன். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிகளுக்குத் தடையேதும் இல்லாத வெளி வேண்டும் என்று ஒல்லாந்தர் வைத்திருந்த நிலம் அது. ஆங்கிலேயர் காலத்தில் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அங்கே கடலோர நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதித் தமக்குப் பின்வருவோர் அதைப் பேண வேண்டும் என்று ஒரு கல்லில் பொறித்தும் வைத்தார். பீரங்கிக்காக ஒதுக்கிய நிலம் குழந்தைகளுக்கென்று எழுதப்பட்டதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

ஹோட்டல் எழுந்தது 1864இல். அதாவது சூயஸ் கால்வாய் திறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு. பிரித்தானிய வணிகர் சிலர் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். அக்காலத்து இலங்கையின் செல்வம் கோப்பியிலிருந்து வந்தது. அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். படகில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் மிகப் பலர். துரைமார் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு இறங்கி வந்து செலவிட்ட பணத்தின் அடியில் அந்த நடை இருக்கிறது. 1869க்குப் பிறகு இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது; தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது; உழைத்தவர்கள் மட்டும் மாறவில்லை.

ஹோட்டலை இன்றைய பெருந்தோற்றத்துக்கு உயர்த்தியது துறைமுகம். 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது வளர வளர, அதுவரை காலித் துறைமுகத்தில் தங்கிச் சென்ற பெருங்கப்பல்கள் கொழும்புக்கு மாறின. கீழை நாடுகளுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகும் பயணிகள் இங்கே இறங்கினார்கள். 1894இல் எட்வர்ட் ஸ்கின்னர் என்ற கட்டடக்கலைஞர் ஹோட்டலை விரித்துக் கட்டினார். கோட்டையில் உள்ள சிவந்த கார்கில்ஸ் கட்டடத்தையும், விக்டோரியா ஞாபகார்த்தக் கண் வைத்தியசாலையையும் வடிவமைத்தவர் அவரே. இம்மூன்றையும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். கட்டடக்கலை பயிலும் மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

இனி, தங்கிய அனுபவம். உள்ளே நுழைந்தவுடன் உயரமான கூரை, அகன்ற மாடிப்படி, தேக்குத் தளம், இவற்றுக்கு அப்பால் தூண்களின் நடுவே கடல். வந்து தங்கிய புகழ்பெற்றோரின் பெயர்களைப் பளிங்கில் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1940இல் இளம் கடற்படை அதிகாரியாக இலங்கையில் இருந்த இளவரசர் பிலிப் ஓட்டிய சிறிய ஸ்டாண்டர்ட் காரும் காட்சிக்கு இருக்கிறது. அவற்றை விரைவாகவே பார்த்து முடித்தோம். எங்களை நெடுநேரம் இருத்தி வைத்தது கடலோரம் சதுரங்கப் பலகைபோலக் கறுப்பும் வெள்ளையுமாகத் தளமிட்ட முற்றம். மாலையில் அங்கே அமர்ந்தால் சூரியன் நேர் எதிரே கடலில் இறங்குகிறது. இரவில் அலையின் ஒலி அறைக்குள் வருகிறது. அந்த உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், மரம் பொருமும், சுண்ணச்சாந்து உதிரும். அப்படியிருந்தும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இது நிற்கிறதென்றால், நாள்தோறும் துடைத்தும் பூசியும் பழுது பார்த்தும் வந்த கைகள் எத்தனை இருந்திருக்க வேண்டும்! 2015இல் நிறைவடைந்த பெரும் புதுப்பித்தலில் வடக்குச் சிறகுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவது இலாபமாக இருந்திருக்கும் ஓர் இடத்தில் அவ்வாறு செய்தது பாராட்டுக்குரியது.

அந்தக் கைகளுக்கு உரியவர்களில் ஒருவரை நாடே அறிந்திருந்தது. கேரளத்தில் பிறந்து, பிழைப்புத் தேடி இளைஞராகக் கொழும்புக்கு வந்த குட்டன், 1942இல் இந்த ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளைச் சீருடையும் நரைத்த பெருமீசையுமாக வாசலில் நின்று கைகூப்பி வரவேற்கும் அவரை நான் மாணவனாக இருந்தபோது தெருவிலிருந்து பார்த்திருக்கிறேன். 2014இல் 94 வயதில் மறையும்வரை ஹோட்டலின் முகமாக அவரே விளங்கினார். வந்து தங்கிய மன்னர்களையும் பிரதமர்களையும் விட, அவர்களுக்குக் கதவு திறந்தவர் மக்கள் மனத்தில் நின்றுவிட்டார் என்பது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. நான் உள்ளே நுழைந்த நாளில் அவர் இல்லையே என்ற குறை மட்டும் இன்னும் இருக்கிறது.

வடக்குச் சிறகில் எங்களுக்குக் கிடைத்த அறையின் சாளரம் திடலை நோக்கித் திறந்தது. பட்டம் விடும் பிள்ளைகள், இறால் வடை விற்கும் வண்டிகள், குடைக்குள் ஒதுங்கும் காதலர்கள், இவர்களுக்கெல்லாம் அப்பால் மறுமுனையில் பெருந்தூண்களோடு பழைய பாராளுமன்றக் கட்டடம். இன்று அது ஜனாதிபதி செயலகம். 1956 ஜூன் 5ஆம் நாள், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலம் அங்கே கொண்டுவரப்பட்ட வேளையில், தந்தை செல்வா தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இதே திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர்கள் அவர்களை அடித்து இழுத்தார்கள். பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுள் ஒருவரான பாராளுமன்ற உறுப்பினர் அமிர்தலிங்கம் தலைக்காயத்தோடு பாராளுமன்றத்தினுள் சென்றார். எங்கள் தலைமுறை இதைப் பெற்றோர் வாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தது. ஹோட்டலை வியந்து நின்ற அந்த ஞாயிறு மாலைகளிலும் அது என் நினைவில் இருந்தது; வியப்பும் வேதனையும் ஒரே புல்வெளியில் நின்றுதான் எனக்குள் வளர்ந்தன.

அதே திடலில் 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடியால் கொதித்தெழுந்த மக்கள் கூடாரமிட்டார்கள். அந்த மே 18ஆம் நாள், 2009இல் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்காக அங்கே விளக்கேற்றி, அந்நாட்களில் அம்மக்கள் உண்டு உயிர்தாங்கிய கஞ்சியை நினைவாக வழங்கினார்கள். சிங்கள இளைஞர்களும் அதை வாங்கிக் குடித்தார்கள். தெற்கின் தலைநகரில், அந்த இடத்தில், அப்படி ஒன்றை நான் என் வாழ்நாளில் எதிர்பார்த்ததில்லை. சாளரத்தின் அருகே நின்று என் மனைவிக்கு அந்த இடங்களைச் சுட்டிக்காட்டியபோது, இந்த அறைக்கு நான் கொடுத்த பணம் தகும் என்று உணர்ந்தேன்.

திடலைச் சுற்றி இன்று காட்சி மாறிவருகிறது. வடமேற்கே கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் துறைமுக நகரம் உருவாகிறது. எதிரே கண்ணாடிக் கோபுரங்கள் உயர்ந்துவிட்டன. இச்சூழலில் ஹோட்டலைக் காப்பவர்கள் இருக்கிறார்கள். திடலின் நினைவைக் காப்பது நம் பொறுப்பு. ஆகவே இங்கே வந்திருக்கும் மாநகர சபைப் பிரதிநிதிகளிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். 1956 ஜூன் 5ஐ நினைவுகூரும் ஒரு கல், ஹென்றி வார்டின் கல் இருக்கும் அதே நடைபாதையில், மூன்று மொழிகளிலும் பொறித்து நாட்டப்பட வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் விரும்புவோர் கையொப்பமிடலாம்.