மேடைக்கு யாரை அழைக்கிறோம்?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் இந்த அரங்கைப் பெற்றுத் தந்த செயலாளர் அவர்களே, வேலை முடிந்து நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நரம்பியல் துறையில் பெண்களின் இடத்தைப் பற்றி மேடை, ஆய்வுக்கூடம், மேற்கோள் (ஒருவர் ஆய்வை மற்றவர் தம் கட்டுரையில் சுட்டுவது) என்னும் மூன்று தலைப்புகளில் பேச விழைகிறேன். மூன்றுக்கும் பொதுவாக என் பாட்டி சொன்ன பழமொழி ஒன்றுண்டு: முதல் கோணல் முற்றும் கோணல்.

மேடையில் அந்த முதல் கோணல் அழைப்புப் பட்டியல்தான். ஒரு துறையில் பத்துக்கு நால்வர் பெண்கள் என்று கொள்வோம். எட்டுப் பேச்சாளர்களைப் பாரபட்சமின்றிப் பொறுக்கினால், அவர்களுள் ஒரு பெண்கூட இல்லாமற்போகும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. மாநாடுதோறும் பேச்சாளர்களுள் பெண்களின் பங்கைத் துறையில் அவர்களின் பங்கோடு இவ்வாறு ஒப்பிட்டு வெளியிடும் 'பயஸ்வாட்ச்நியூரோ' என்னும் முயற்சியில் யேல் நிவ் போன்ற அறிஞர்கள் முன்னின்றனர். 'தகுந்த பெண் கிடைக்கவில்லை' என்ற சாக்குக்கு விடையாக நரம்பியல் அறிஞர் ஆன் சர்ச்லாண்ட் பெண் நரம்பியலாளர்களின் பட்டியல் ஒன்றையே தொகுத்தார்.

ஆய்வுக்கூடத்திலும் முதல் கோணல் முற்றும் கோணல்தான். ஒரே பாலின விலங்குகளைக் கொண்ட நரம்பியல் ஆய்வுகளில், பெண் விலங்குகளைப் பயன்படுத்திய ஆய்வு ஒன்றுக்கு ஆண் விலங்குகளைப் பயன்படுத்தியவை ஐந்துக்கும் மேல் என்று 2011இல் வெளிவந்த மீளாய்வு காட்டியது. 1992இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோல்பிடெம் என்னும் தூக்க மருந்து பெண்ணுடலில் மெதுவாகவே வெளியேறுகிறது. பெண்களுக்குரிய தொடக்க அளவைப் பாதியாகக் குறைக்க 2013 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கே நரம்பியல் அறிஞர் ரீட்டா லெவி மொன்டால்சினி அம்மையாரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இத்தாலியின் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்கள் யூதப் பெண்ணான அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. அவர் அழுதுகொண்டு அமரவில்லை. தூரின் நகர வீட்டில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார், தையல் ஊசிகளைக் கூராக்கிக் கருவிகளாக்கினார், கோழிக் கருக்களில் நரம்பு வளர்வதை ஆராய்ந்தார். நகரில் குண்டுகள் விழுந்தபோது கிராமத்துக்குப் பெயர்ந்து, சைக்கிளில் பண்ணை பண்ணையாகச் சென்று, கருவுற்ற முட்டைகளைக் கேட்டார். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, 'என் குழந்தைகளுக்குச் சத்துணவு' என்றார். அவருக்கோ குழந்தைகளே இல்லை! ஆய்வு முடிந்த முட்டையின் மிச்சம் குடும்பத்தின் உணவாயிற்று. அந்த அறையில் தொடங்கிய பணி 1986இல் நோபெல் பரிசு வரை சென்றது.

இல்லாத குழந்தையின் பெயரைச் சொல்லி அவர் முட்டை பெற்றார். இன்றோ, உண்மையிலேயே கைக்குழந்தை உள்ள ஆய்வாளர், அக்குழந்தையாலேயே மாநாட்டு அழைப்பை மறுக்க நேர்கிறது. நம் சிங்கப்பூரிலேயே 1979 முதல் 2003 வரை மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என வரம்பிருந்தது; குடும்பப் பொறுப்பால் அவர்கள் பணியை விட்டுவிடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்த எண்ணம் இன்னும் முழுதாக நீங்கவில்லை என்பது என் உறுதியான கருத்து.

மேற்கோளைப் பற்றிப் பேசத் தலைவர் எனக்கு நேரம் விடவில்லை. எனவே நான் நெடுநாளாக வலியுறுத்திவரும் கோரிக்கைக்கு வருகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புப் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் குழந்தைப் பராமரிப்பு நிலையம் நடத்தத் தெரிந்த ஊரில், அனைத்துலக மாநாட்டுக்கு வரும் தாய் பாலூட்ட ஓர் அறையும், குழந்தையை நம்பி ஒப்படைக்க ஓரிடமும் ஏற்பாடு செய்வது இயலாத செயலன்று. அந்தச் செலவைப் பேச்சாளர்களின் விமானச் சீட்டு, விடுதி வாடகையோடு முதல் வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், முதல் கோணல் முற்றும் கோணல். இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்புவோர் கை உயர்த்துமாறு வேண்டுகிறேன்.