கடல் பக்கத்திலேயே இருக்கு, அப்புறம் என்ன தண்ணிப் பஞ்சம்?

வணக்கம் மக்களே, எண்ணூர் முகத்துவாரத்தில் நிற்கிறேன், காற்று இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தலைப்பில் இருப்பது திருவொற்றியூர் அத்தை கேட்ட கேள்வி.

பொருளாதாரப் பாடமும் கிட்டத்தட்ட அத்தை மாதிரிதான் பேசும். ஒன்று தீர்ந்தால் விலை ஏறும், விலை ஏறினால் மாற்று வரும். 1956ல் ராபர்ட் சோலோ என்கிற பொருளாதார நிபுணர் போட்ட வளர்ச்சிக் கணக்கில் மூலதனம், உழைப்பு, தொழில்நுட்பம், அவ்வளவுதான். கரிக்கும் தண்ணிக்கும் அதில் இடமே கிடையாது.

சரி, இங்கே மாற்று வந்ததா? வந்தது. மீஞ்சூர் பக்கம் பல வருஷம் நிலத்தடி நீரை உறிஞ்சி எடுத்ததில் கடல் உள்ளே புகுந்து கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. அப்புறம் 2010ல் அதே கடலைக் குடிநீராக்கும் ஆலை காட்டுப்பள்ளியில் வந்தது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தருகிற அளவில். ஆனால் 1000 லிட்டருக்கு மூன்று, நாலு யூனிட் கரண்ட் வேண்டும். தோராயமாகப் போட்டுப் பாருங்கள், தினமும் மூன்றரை லட்சம் யூனிட், அதை நிலக்கரியில் எடுத்தால் 250 டன் பக்கம் எரிக்கணும், நம்ம ஊர்க் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும். சாம்பல் எங்கே போகும் என்று கேட்கிறவர்கள் ஒருதடவை கொசஸ்தலை ஆற்றுக்கு வந்து சேற்றில் கால் வைத்துப் பாருங்கள்.

மெஷின் நல்லா வந்தால் செலவு குறையுமே? குறையும், குறைந்தும் இருக்கிறது. ஆனால் கடல் நீரில் பாதியை நன்னீராகப் பிரிக்க 1000 லிட்டருக்கு சுமார் 1 யூனிட் என்பது இயற்பியல் போட்ட கோடு, எவ்வளவு முதலீடு கொட்டினாலும் அதற்குக் கீழே இறங்காது. பேரம் பேச ஆளே இல்லாத கடை அது.

எனக்குக் கடுப்பாவது இதுதான். அதே 1000 லிட்டரை ஆவியாக்கி மேகமாக்க சூரியன் 650 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கிறது. பில் வராததால் நம்ம கணக்கில் அது பூஜ்யம். அந்த மழையை மழைநீர் வடிகாலில் விட்டுக் கடலுக்கு அனுப்பிவிட்டு, கரி எரித்துத் திரும்ப இழுக்கிறோம்.

2003ல் வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டாயம் என்று வந்தபோது அத்தை வீட்டிலும் குழி வெட்டினார்கள். இப்போது அதன் மேல் என் பைக்தான் நிற்கிறது.