மருத்துவமனைக்கு வெளியே வளரும் ஆயுள்

நடுவர் அவர்களுக்கும், அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும் என் வணக்கம். நலமான நீண்ட வாழ்வுக்குப் பெரிதும் துணை நிற்பது மருத்துவ வளர்ச்சியா, அன்றாடப் பழக்கங்களா என்னும் தலைப்பில், அன்றாடப் பழக்கங்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வலுவாக முன்வைத்தார். நாடு விடுதலை பெற்ற காலத்தில் 32 வயதை ஒட்டியிருந்த இந்தியரின் சராசரி ஆயுள் இன்று 70 வயதை எட்டியிருப்பதற்குத் தடுப்பூசிகளும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுமே காரணம் என்றார். மாரடைப்பு வந்தவரின் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை வைத்துப் பிழைக்க வைப்பது மருத்துவமா, பழக்கமா என்றும் கேட்டார்.

நடுவர் அவர்களே, முதல் வாதத்தின் பெரும்பகுதியை நான் மறுக்கப் போவதில்லை. பெரியம்மையும் காலராவும் வீடுதோறும் பிள்ளைகளைக் கொண்டுபோன காலத்தில் நம்மைக் காத்தது மருத்துவம்தான். அந்த நன்றிக்கடனை நாங்களும் சுமக்கிறோம். ஆனால் இன்று நம்மைக் கொல்லும் நோய்கள் மாறிவிட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பிற நிறுவனங்களோடு சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1990இல் நம் நாட்டு இறப்புகளில் சுமார் 38 விழுக்காட்டுக்குக் காரணமாயிருந்த தொற்றா நோய்கள், 2016இல் சுமார் 62 விழுக்காட்டுக்குக் காரணமாகிவிட்டன. மாரடைப்பும் பக்கவாதமும் சர்க்கரை நோயும் ஒரே நாளில் வந்து தாக்குபவை அல்ல. நாம் உண்ணும் விதத்திலும், உட்கார்ந்திருக்கும் நேரத்திலும், புகைக்கும் பீடியிலும் பல ஆண்டுகள் ஊறி வளர்பவை. ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பைத் திறந்துவிடும். அந்த அடைப்பை உண்டாக்கிய இருபது ஆண்டு வாழ்க்கையை அது மாற்றித் தராது.

இதற்குச் சான்று கேட்டால், 1950ஆம் ஆண்டையொட்டிய லண்டன் நகரத்துக்கு இந்த அவையை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளர், நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் பணியாற்றிய ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இருவரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள். ஒரே வண்டியில், ஒரே புகையையும் குளிரையும் தாங்கி வேலை செய்தவர்கள். ஓட்டுநர் பணிநேரம் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்குமாக, நாளொன்றுக்கு ஐந்நூறு படிகளுக்கும் மேல் ஏறினார். 1953இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது, வந்தபோதும் பிந்திய வயதிலேயே வந்தது, வந்தவர்களிலும் உயிரிழந்தோர் குறைவு.

உடல் பருத்தவர்கள்தாமே ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்ற ஐயம் எழுவது இயல்பு. மாரிஸ் அதையும் விட்டுவைக்கவில்லை. நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுக் குறிப்புகளையே எடுத்து ஆராய்ந்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்தது உண்மைதான். ஆனால் ஒல்லியானவர், நடுத்தர உடலினர், பருத்தவர் என்று எந்தப் பிரிவில் பார்த்தாலும் நடத்துநர்களே பாதுகாப்பாக இருந்தார்கள். ஆய்வின் நேர்மை என்றால் இதுதான் என்று நான் இன்றும் வியக்கிறேன். அந்த நடத்துநர்களுக்கு யாரும் உடற்பயிற்சி கற்றுத்தரவில்லை. மருந்துச்சீட்டும் எழுதித் தரவில்லை. பிழைப்புக்காக ஏறிய படிகள் அவர்களின் இதயத்தைக் காத்தன.

லண்டன் வேண்டாம், நம் ஊரில் என்ன சான்று என்று எதிரணி கேட்கலாம். நம் சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, இரத்தச் சர்க்கரை கூடிக்கொண்டிருந்தாலும் இன்னும் சர்க்கரை நோயாளி ஆகிவிடாத ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை நான்கு பிரிவாக்கிச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான பொது அறிவுரையோடு விடப்பட்ட பிரிவில் 55 விழுக்காட்டினர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். நாள்தோறும் அரைமணி நேரமாவது நடப்பது, சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டுவது என்று வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட பிரிவில் அந்த அளவு சுமார் 39 விழுக்காடு. இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் உண்டவர்களில் சுமார் 40 விழுக்காடு. இப்போது நான்காவது பிரிவை நடுவர் அவர்கள் கவனிக்க வேண்டும்: பழக்கத்தையும் மாற்றி மாத்திரையும் உண்டவர்களிலும் ஏறத்தாழ அதே 39 விழுக்காடுதான். பழக்கத்தை மாற்றியவருக்கு அதற்குமேல் மாத்திரை கூடுதல் பயன் எதையும் தரவில்லை. நோய் வருமுன் தடுக்கும் களத்தில், நம் மக்களிடமே நடத்திய சோதனையில், பழக்கம் மருந்துக்குச் சற்றும் குறைந்ததன்று என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

நடைப்பயிற்சி வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, வீட்டு வேலையில் உழலும் பெண்ணுக்கு அதற்கு நேரம் ஏது என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். 2022ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், இந்தியப் பெரியவர்களில் பாதிப்பேர் போதிய உடல் இயக்கம் இல்லாதவர்கள். பெண்களில் அது 57 விழுக்காடு. அடுப்படியில் நாளெல்லாம் நின்று கால் கடுக்கிறது, ஆனால் நெஞ்சு வேகமாகத் துடிக்கும் அளவுக்கு ஒரு பத்து நிமிடம் வீசி நடக்க அவர்களுக்கு வாய்ப்பே அமைவதில்லை. அந்த வாய்ப்பை உண்டாக்கித் தருவது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை; பாத்திரத்தை மகன் கழுவினால் தாய் நடக்கலாம். அதற்குப் பெருந்தொகையோ பெருநேரமோ வேண்டியதில்லை. நாளுக்குப் பத்தாயிரம் காலடி எடுத்து வைக்க வேண்டும் என்னும் இலக்கு, 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரோடு பரவியது. சராசரி வயது 72 கொண்ட அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிடச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. நலமாக இருந்தவர்களே கூடுதலாக நடந்திருக்கலாம் என்பதால் அந்தக் குறைவு முழுவதையும் நடையின் கணக்கில் எழுத மாட்டேன். இருந்தாலும் பத்தாயிரத்தை எட்ட முடியவில்லையே என்று சோர்ந்து உட்கார்ந்துவிடும் தாய்மார்களுக்கு இந்த ஆய்வு பெரிய ஆறுதல்.

அடுத்தது உப்பு. நம் மதியச் சாப்பாட்டு இலையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சோறு வடிக்கும்போது போட்ட உப்பு, சாம்பாரில் உப்பு, பொரியலில் உப்பு, அப்பளத்தில் உப்பு, கடைசியில் தயிர்ச் சோற்றுக்கு மோர் மிளகாயும் ஊறுகாயும், அதற்கும் மேலே இலையோரத்தில் ஒரு சிட்டிகை. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மில் பலர் அந்த அளவை மதியத்திலேயே நெருங்கிவிடுகிறோம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நாக்கு இதை ஏற்குமா என்றால், சில வாரங்கள் படிப்படியாகக் குறைத்தால் ஏற்கும். ஊறுகாயை நாள்தோறும் என்பதிலிருந்து விசேஷ நாள் என்று மாற்றுவதற்கு எந்த மருத்துவமனையும் தேவையில்லை. ஆனால் அதனால் இறங்கும் இரத்த அழுத்தம், பக்கவாதத்துக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் இட்டுச்செல்லும் பாதையை அடைக்கிறது.

புகையிலையைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்டு டால் குழுவினர், தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழக்கிறார் என்றும், 60 வயதில் நிறுத்தினாலும் மூன்று ஆண்டுகள் மீளும் என்றும் 2004இல் காட்டினார்கள். ஒரு பழக்கத்தை விட்டதற்கு மூன்று ஆண்டு வாழ்வு கிடைக்கிறது. அறுபது வயதில் அதற்கு ஈடு செய்யும் மாத்திரை ஒன்றை எதிரணி காட்டட்டும்.

நிறைவாக, எதிரணித் தலைவர் பெருமையோடு எடுத்துரைத்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நானும் அதைப் போற்றுகிறேன். ஆனால் நடுவர் அவர்களே, களப்பணியாளர் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போன பிறகு என்ன நடக்கிறது? தலைச்சுற்றல் நின்றுவிட்டது, இனி எதற்கு என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது மாத்திரையை எடுத்துச்செல்ல மறப்பவர்களும், கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டு இன்றைக்கு ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று தாமே முடிவு செய்பவர்களும் இருக்கிறார்கள். இரத்த அழுத்த மாத்திரை வேலை செய்ய வேண்டுமானால், அதை நாள் தவறாமல், குறித்த நேரத்தில் உண்ண வேண்டும். மாதம் ஒருமுறை அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். எதிரணி தன் வலுவான சான்றாகக் காட்டிய மருந்தே, காலைக் காப்பியோடு சேர்ந்த ஓர் அன்றாடப் பழக்கமாக மாறிய பின்புதான் உயிரைக் காக்கிறது. ஆகவே தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.