பீட்டில்ஸும் வேண்டும், ஸ்டோன்ஸும் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ராயபுரத்துச் சொந்தங்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு கேள்வி போட்டுவிட்டுப் போனார். நம்ம ஏரியாவில் சார்பட்டா என்றால் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்றால் இடியப்ப நாயக்கர், ரெண்டு குத்துச்சண்டைப் பரம்பரைக்கும் சேர்த்துக் கைதட்டினவன் உண்டா, அப்படியிருக்க இங்கிலாந்து ராக் குழுக்களில் பீட்டில்ஸும் பிடிக்கும் ரோலிங் ஸ்டோன்ஸும் பிடிக்கும் என்பவன் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தவன்தானே என்றார். நல்ல கேள்வி, நானும் கைதட்டினேன். ஆனால் தம்பி, குத்துச்சண்டையில் ஒருவர் தோற்றால்தான் இன்னொருவர் ஜெயிக்க முடியும். பாட்டில் யார் தோற்க வேண்டும்?

அந்த இரண்டு குழுவும் என்ன செய்தார்கள் பாருங்கள். 1963-ல் ஸ்டோன்ஸைப் போய்ப் பாருங்கள் என்று டெக்கா ரெக்கார்டு கம்பெனியின் டிக் ரோவிடம் சொன்னதே பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன்தான். அதே வருடம் ஸ்டோன்ஸுக்கு அடுத்த சிங்கிள் ரெக்கார்டுக்குப் பாட்டு இல்லை. பீட்டில்ஸின் லெனனும் மெக்கார்ட்னியும் அவர்கள் ஒத்திகை நடத்தின இடத்துக்கே போய், பாதியில் கிடந்த 'ஐ வான்னா பி யுவர் மேன்' பாட்டை அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்கள். போட்டிக்காரனுக்கு!

அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது பெரம்பூரில், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயரான ஓர் ஆங்கிலோ இந்திய அங்கிள் வீட்டில். அப்போது எனக்குப் பதினாறு வயது, கிடார் கற்கப் போனவன், ஸ்டோன்ஸ் கட்சி, பீட்டில்ஸ் பேரை எடுத்தாலே சண்டைக்குப் போவேன். அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை. பழைய பனியன் துணியால் ரெக்கார்டைத் துடைத்து, ஸ்டோன்ஸ் பாடியதைப் போட்டார். அந்தக் குழுவின் பிரையன் ஜோன்ஸின் ஸ்லைடு கிடார் ரம்பம் மாதிரி அறுத்துக்கொண்டு போகிறது, மேலே பாடகர் ஜாகர் வெறியோடு கத்துகிறார். அப்புறம் அதே பாட்டை பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் பாடியதைப் போட்டார், தெருமுனையில் நாலு பசங்க மேஜையைத் தட்டி கானா பாடுகிற அதே குஷி. ஒன்று அடிவயிற்றைப் பிடித்தது, இன்னொன்று காலை ஆட வைத்தது. வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் இரண்டும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருந்தன. ஒன்றை வேண்டாம் என்றிருந்தால் நஷ்டம் எனக்குத்தானே?

எல்லாம் பிடிக்கும் என்பவனுக்கு எதுவும் ஆழமாகப் பிடிக்காது என்றும் சொன்னார்கள். இல்லைங்க. ஸ்டோன்ஸின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' ஆல்பத்தின் அழுக்கும் வியர்வையும் பீட்டில்ஸிடம் கிடைக்காது என்பதும், பீட்டில்ஸின் 'ஏ டே இன் தி லைஃப்' பாட்டு முடிகிற இடத்தில் பல பியானோவில் ஒன்றாக அமுக்கின அந்த ஒரே சுரக்கூட்டு (கார்டு) நாற்பது வினாடிக்கு மேல் கரைந்துகொண்டே போகிறதே, அது ஸ்டோன்ஸிடம் கிடைக்காது என்பதும் இரண்டையும் உட்கார்ந்து கேட்டவனுக்குத்தான் தெரியும்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரே ஒரு விஷயம். 2023-ல் வந்த ஸ்டோன்ஸின் 'ஹாக்னி டைமண்ட்ஸ்' ஆல்பத்தில் 'பைட் மை ஹெட் ஆஃப்' பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அதில் பாஸ் கிடார் வாசிப்பவர் பால் மெக்கார்ட்னி. தம்பி, உங்கள் கணக்கில் அவரை எந்தப் பக்கம் உட்கார வைப்பீர்கள்?